வேளச்சேரி ஃபிளாட்டில் மண்ணில்லா விவசாயம்: முதல் செட் எதை வாங்கலாம்?

கேள்வி இது: வேளச்சேரியில் இரண்டாவது மாடி வாடகை வீடு, பால்கனி வடக்கு பார்த்தது, வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. உள் அறையில் ஒரு சுவரோரம் நாலடி இடம் இருக்கிறது, கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் 36 குழி போட்ட வெள்ளை பைப் செட் ஒன்று ஆஃபரில் கிடைக்கிறது, லெட்யூஸ் போட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்த பைப் செட்டும் இப்போதைக்கு வேண்டாம், லெட்யூஸும் வேண்டாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் என்ன நடந்தது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

அந்த பைப் செட்டின் பெயர் என்.எஃப்.டி. சற்றே சரிந்த பைப்பில் சத்துநீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும், வேர்கள் அதில் நுனி நனைத்துக் குடிக்கும், கீழே தொட்டியிலிருந்து ஒரு சின்ன மோட்டார் நீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகு, பெரிய பண்ணைகளில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதில் வேருக்கு என்று சேமிப்பு எதுவும் கிடையாது. மோட்டார் நின்றால் பைப்பில் இருக்கும் நீர் சில நிமிடங்களில் தொட்டிக்கு இறங்கிவிடும். பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு ஜூன் மாத மதியம் டிரான்ஸ்ஃபார்மர் போய் கரண்ட் வர ஐந்து மணி நேரம் ஆனது. நான் ஆபீஸில் இருந்தேன். வீடு திரும்பியபோது ஆறு வாரமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த அத்தனையும் துணி மாதிரி தொங்கிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றியும் பாதிக்கு மேல் எழவில்லை.

கரண்ட் போகாத நாளிலும் அதற்கு இன்னொரு தொல்லை உண்டு. மெல்லிய படலமாக ஓடும் நீர் அறையின் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். வேருக்குப் பிடித்த நீர்ச் சூடு 18 முதல் 24 டிகிரி. மே மாதம் கத்திரி வெயிலில் என் வீட்டுத் தொட்டி நீர் 32 காட்டியது. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் இருப்பது 30 டிகிரியில் ஏழரைக்கு வந்துவிடும். அதே சூட்டில் வேரோ இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். இந்த இடைவெளியில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் உள்ளே நுழைகிறது. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, கொழகொழத்து, சாக்கடை வாடை அடிக்கும். சத்துநீரின் நிறம் ஏறி வேர் லேசாக மஞ்சளாவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். தொட்டால் வழுக்கி, முகர்ந்தால் நாறினால்தான் அழுகல்.

இப்படிச் செட்டுகளைக் காட்டுகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பற்றியும் நேராக ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிப் பூச்சு உள்ள கறுப்பு டென்ட், கரி ஃபில்டர், நூற்றுக்கணக்கான வாட் விளக்கு என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி கஞ்சாச் செடிக்காக உருவானது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது, அவர்கள் செய்கிறார்கள். இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 20-வது பிரிவின்படி அந்தச் செடியைப் பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். ஒற்றைத் தொட்டியில் ஆசைக்கு வைத்தேன் என்றாலும் அது பயிரிட்டதுதான், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் பலர் கவனிக்காத விஷயம், அந்தச் செட்டின் அளவுகளும் கீரைக்குப் பொருந்தாது என்பது. மூன்றடி நாலடி உயர்ந்து பூக்க வேண்டிய செடிக்கான விளக்கு அது. வாசனையை மறைக்கத்தான் கரி ஃபில்டர். புதினாவுக்கு எதற்கு? டென்ட்டை மூடினால் சென்னைச் சூட்டில் உள்ளே அடுப்புதான்.

சரி, அப்போது எது? உங்கள் வீட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தண்ணீர், சூடு, கரண்ட். இந்த மூன்றிலும் தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்கிற முறையில் ஆரம்பியுங்கள். என் அனுபவத்தில் அது கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பி.ஏ. கிராட்கி என்பவர் பரப்பியதால் அந்தப் பெயர். மோட்டார் கிடையாது, காற்றுப் பம்ப் கிடையாது, கரண்ட் போனால் கவலையும் கிடையாது. மூடியுள்ள ஒரு பெட்டி நிறையச் சத்துநீர், மூடியில் ஓட்டைகள், ஓட்டையில் நெட் பாட் என்கிற சல்லடை மாதிரியான சின்னக் கப், அதில் செடி, அவ்வளவே. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும், நீருக்கும் மூடிக்கும் நடுவில் ஈரக் காற்று நிற்கும், மேல் பாதி வேர்கள் அந்தக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். நீரில் கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பி இல்லாததால்தான் நம் ஊர்ச் சூட்டை இது ஓரளவு தாங்குகிறது.

இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. நீர் பாதிக்கு இறங்கியதைப் பார்த்ததும் பதறிப்போய் பழைய அளவுக்கு நிரப்பிவிடுவார்கள். காற்றில் மூச்சுவிடப் பழகிய வேர்கள் மூழ்கிச் செத்துவிடும், இரண்டே நாளில் செடி வாடும், ‘தண்ணீர் ஊற்றியும் வாடுகிறதே’ என்று குழம்புவார்கள். கூடுதல் நீர் தேவைப்பட்டால் அடியில் இருக்கும் வேர் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மேலே உள்ள பஞ்சு மாதிரியான வேர் எப்போதும் காற்றிலேயே இருக்கட்டும்.

பெட்டிக்கு நான் சிபாரிசு செய்வது மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி. பிளாஸ்டிக் டப்பாவைவிட இதில் நீர் மெதுவாகத்தான் சூடேறும், ஐஸ் போட்டு மீன் அனுப்புவதே அதற்காகத்தானே. காசிமேடு வரை போக வேண்டியதில்லை, மீன் விற்கிறவர்களிடம் கேட்டாலே காலிப் பெட்டி கிடைக்கும், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவி நன்றாக அலசிக் காய வைத்தால் வாடை போய்விடும். மனசு ஒப்பவில்லை என்றால் புதிதாகவே வாங்கலாம், அதுவும் விலை அதிகமில்லை. தெர்மோகோல் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். முதலில் கறுப்புக் கவர், அதற்கு மேல் வெள்ளை பேப்பர் சுற்றிவிடுங்கள். ஓட்டையைக் கத்தியால் வெட்டுங்கள், சூடு காட்டி உருக்காதீர்கள், அந்தப் புகை ஆகாது.

இப்போது தண்ணீர். சென்னையில் இந்தப் பொழுதுபோக்கு பிழைப்பதும் சாவதும் இதில்தான், ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால், நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், இருநூறு முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். வீட்டில் வரும் ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து எழுதி வையுங்கள்: போர், மெட்ரோ, லாரி, ஆர்ஓ, கேன். உங்கள் பக்கம் மெட்ரோ குழாயில் நெம்மேலி ஆலையின் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரும் வருகிறது, எங்கள் வடக்கே புழல் ஏரித் தண்ணீர், கோடையில் லாரி எந்தக் கிணற்றிலிருந்து ஏற்றி வருகிறதோ அது. ஒரே குழாயில் மாசத்துக்கு மாசம் கணக்கு மாறும். ஒரு தடவை அளந்துவிட்டு வருஷம் முழுக்க அதையே நம்பக்கூடாது.

போர் தண்ணீர் 1200 காட்டுகிறது என்று வையுங்கள். கீரைகளுக்கு உரம் கலந்த பிறகு மொத்தமாக வேண்டியதே 700 முதல் 1000 வரைதான். அதாவது உரம் ஒரு சொட்டு போடும் முன்பே பாத்திரம் நிறைந்துவிட்டது, அதுவும் செடிக்கு வேண்டாத சோடியத்தாலும் குளோரைடாலும். இலை ஓரம் கருகும், வளர்ச்சி நிற்கும், சத்து போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவோம், கதை முடிந்தது. ஆர்ஓ தண்ணீர் 30 முதல் 80 வரை காட்டும், முதல் பெட்டிக்கு அதையே எடுங்கள். ஒரு லிட்டர் ஆர்ஓவுக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறதே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. 2019 கோடையில் குடம் தூக்கியவர்கள் நாம். அந்தக் கழிவு நீரைப் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீர் 250-க்குக் கீழே இருந்தால் அதுவே போதும், குளோரின் வாடை போக ஒரு ராத்திரி திறந்த பக்கெட்டில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், ஆனால் காலையில் மூடிவிடுங்கள். இருபது லிட்டர் பெட்டி ஒன்றுக்கு ஒரு மாதம் வரை வருகிற நீர் இது, பெரிய செலவில்லை.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். இசி என்று படித்திருப்பீர்கள், நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவு அது, டிடிஎஸ் மீட்டரும் உண்மையில் அதைத்தான் அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர் 500-ஆலும் சில 700-ஆலும் பெருக்கும். அதனால் ஒரே தண்ணீர் ஒருவரிடம் 500, இன்னொருவரிடம் 700 என்று காட்டும், இரண்டுமே இசி 1.0 தான். இங்கே மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 500 கணக்கு, நான் மேலே சொன்ன எண்களும் அதே கணக்கில்தான். கோடையில் எந்தச் செடிக்கும் கொஞ்சம் நீர்த்தே கொடுங்கள், சூட்டில் செடி சத்தைவிட நீரை அதிகமாகக் குடிக்கும், மிச்சம் தானாகவே கெட்டியாகிவிடும்.

உரம் வாங்கும்போது ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவதையே வாங்குங்கள். ஏன் இரண்டு என்றால், கால்சியம் நைட்ரேட்டைக் கெட்டியான நிலையில் சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்த்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும். அந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்காதீர்கள், முதலில் ஏ-யை நீரில் கலக்கி, அப்புறம் பி. உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 மலிவுதானே என்று தோன்றும். மண்ணுக்கு அது நல்லது, இங்கே சரிவராது. அதில் கால்சியம் இல்லை, நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கிறது, யூரியாவை உடைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில்தான் ஏராளம், நம் பெட்டியில் இல்லை.

நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 5.5 முதல் 6.5-க்குள் இருக்கட்டும். நம் தண்ணீர் பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். மலிவு பேனா மீட்டர் வாரத்துக்கு வாரம் பொய் சொல்லும், அதற்கு மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்து கிட் மேல். இறக்குவதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த பிஎச் டவுன் வாங்குங்கள், சொட்டுச் சொட்டாக, எப்போதும் நீரில் அமிலத்தை விட வேண்டுமே தவிர அமிலத்தில் நீரை அல்ல. எலுமிச்சை பிழிந்தால் அன்றைக்கு இறங்கும், இரண்டு நாளில் திரும்பவும் ஏறிவிடும். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள்.

விளக்கு பற்றி. ஊதா நிறத்தில் எரியும் மலிவு விளக்குகளை வாங்கி ஏமாறாதீர்கள், கண்ணுக்கும் ஆகாது, வெளிச்சமும் சொற்பம். வீட்டில் மாட்டும் நாலடி 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் நான்கு போதும். நாலடி நீளம், ஒன்றரை அடிக்கு மேல் போகாத அகலம் உள்ள இடத்துக்கு இது சரி, செடிக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள். செடி வளர வளர விளக்கையும் ஏற்றுங்கள். தண்டு மெலிந்து நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். கரண்ட் கணக்கு: 80 வாட், தினம் 14 மணி நேரம், இரண்டு மாத பில்லில் சுமார் 67 யூனிட் கூடும். ஏற்கனவே ஏசி போட்டு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடு என்றால் அந்த எல்லையைத் தாண்டும்போது கணக்கே மாறிவிடும், அதை மனதில் வையுங்கள். நான் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டு காலை ஏழுக்கு அணைக்கிறேன், பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது. படுக்கை அறை என்றால் இது முடியாது, அப்போது விடிகாலையில் ஆரம்பியுங்கள்.

எதை வளர்ப்பது? லெட்யூஸ் குளிர்ப் பயிர். சூடு 28, 30-ஐத் தாண்டினால் கசக்கும், பூக்கத் தண்டு நீட்டிவிடும். ஏசி ஓடாத சென்னை வீட்டில் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் அதற்குக் காலம். வேறு மாதங்களில் நம் கீரைகள் இருக்கும்போது அதை ஏன் கெஞ்ச வேண்டும்? கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு புதினா, ஒரு கட்டு பொன்னாங்கண்ணி வாங்குங்கள். சமையலுக்குப் போக மிஞ்சிய தண்டில் நல்லதாக எட்டு பத்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் நீரில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும், அப்படியே நெட் பாட்டுக்கு மாற்றிவிடலாம். விதை, முளைப்பு, நாற்று என்ற பாதி தலைவலி இல்லை. பசலையும் கற்பூரவல்லியும் இப்படியே வரும், வல்லாரையை வேரோடு வாங்கிக் கழுவி வைத்தால் பிடித்துக்கொள்ளும். இவை குறைந்த வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும். தண்டுக்கீரை, அரைக்கீரை சூட்டைத் தாங்கும், ஆனால் நல்ல வெயில் கேட்கும் ஜாதி, அறைக்குள் கடைக்கட்டு அளவுக்கு வராது. இளசாக நாலு விரல் உயரத்தில் அறுத்துவிடுங்கள், பருப்போடு கடைய அதுதான் ருசியும்கூட. தக்காளி, மிளகாயை உள்ளறையில் இந்த விளக்கில் முயல வேண்டாம். மொட்டை மாடி கிடைக்கும் நாளில் பார்க்கலாம்.

கொசு விஷயத்தில் கறாராக இருங்கள். மூடிய பெட்டிக்குள் நிற்கும் நீரும் ஈரக் காற்றும் டெங்குக் கொசுவுக்குச் சொந்த வீடு, முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். நெட் பாட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஸ்பான்ஜ் வைத்து அடையுங்கள், காலியான ஓட்டையை டேப் போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மாநகராட்சியிலிருந்து புழு பார்க்க வருகிறவர்களிடம் பெட்டியைத் திறந்து காட்டும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும், கீழ்வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அதேபோல பிளக் போர்டு நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் இருக்கட்டும், வயர் தொங்கி வளைந்து அப்புறம் மேலேறட்டும், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

மூன்று மாதம் இப்படி ஓட்டி, கை பழகி, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் அடுத்த படி டி.டபிள்யூ.சி., அதாவது வேர் நீரிலேயே தொங்க, அந்த நீருக்குள் காற்றை ஊதிவிடும் முறை. இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட், உள்ளே காற்றுக் கல், வெளியே காற்றுப் பம்ப். இதற்குத் தேவையானதெல்லாம் கொளத்தூர் மீன் கடைகளிலேயே கிடைத்துவிடும். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி பம்ப் அங்கே கேட்டு வாங்குங்கள், மீன் கொண்டுபோகிறவர்கள் வைத்திருப்பது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஐந்து வாட் பம்ப் அதற்கு ஒரு சுமையே இல்லை. திரி வழியாக நீரை வேருக்கு ஏற்றும் திரி முறை துளசிக்குப் போதும், அதைத் தாண்டி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. மூடுபனி மாதிரி தெளிக்கும் டவர்கள் நம் தண்ணீரில் உப்பு அடைத்து நின்றுவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். பைப் செட் வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் இன்வெர்ட்டரோடு, மழைக்காலம் தொடங்கும்போது வாங்குங்கள், ஒரு முழு நாள் வெறும் நீர் ஓட்டி பைப்பின் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ராத்திரியில் கசிந்தால் முதலில் தெரிவது கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில்தான், வாடகை வீட்டில் அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

பத்தாயிரத்தில் இந்த முதல் செட்டுக்கு மூவாயிரம் கூட ஆகாது. இரண்டு பெட்டி, நான்கு பேட்டன், மீட்டர், சொட்டு மருந்து கிட், ஏ-பி உரம், இருபது நெட் பாட், அதில் செடியை நிறுத்த ஒரு பை களிமண் உருண்டை. உருண்டைக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் வாங்கினால் இரண்டு மூன்று தடவை அலசி, பிழிந்த நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சில கட்டிகளில் உப்பு அப்படியே இருக்கும். மிச்சப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெட்டியில் கடைசியாக மிஞ்சும் பழைய சத்துநீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு பங்கு வெறும் நீர் சேர்த்து, அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் செம்பருத்திக்கும் வேப்ப மரத்துக்கும் ஊற்றிவிடுங்கள்.